ஒத்திகையை நேரலையில் காட்டலாமா?

நேயர்களுக்கு வணக்கம்.

திருகோணமலையில் இப்போது ஓர் இசைக்குழு ஒத்திகைக்குக் கூடினால், ஒருவர் வயர் இழுப்பார், ஒருவர் கிற்றாருக்குச் சுருதி கூட்டுவார், இன்னொருவர் போனை ஸ்டாண்டில் பொருத்துவார். பாட்டுத் தொடங்குமுன்பே "லைவ்ல இருக்கிறம்" என்று கையால் சைகை வந்துவிடும். இது குழுவுக்கு நல்லதா என்று பேசத்தான் என்னை அழைத்திருக்கிறார்கள். நான் மேடைகளுக்கு ஒலி அமைத்துக் கொடுக்கிறவன். பாடுகிறவர்களை எல்லோரும் முன்னால் இருந்து பார்ப்பார்கள், நான் ஒலிகளைக் கலந்து கூட்டிக் குறைக்கிற மிக்சருக்குப் பின்னால் இருந்து பார்க்கிறேன். என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: கடைசி ஒத்திகையைக் காட்டுங்கள். அதற்கு முந்தியதை அறைக்குள்ளேயே வைத்திருங்கள்.

ஏன் என்று கேட்டால், ஒத்திகையில் முக்கியமான வேலை வாசிப்பது அல்ல, நிறுத்துவது. இரண்டாவது சரணத்துக்குள் போகிற இடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ட்ரம்ஸ்காரர் ரோலை அரைத் தட்டு முந்தி முடித்துவிடுகிறார். பேஸ் கிற்றார் காத்து நிற்கிறது, பாடுகிற பிள்ளை எங்கே நுழைவதென்று தெரியாமல் மூச்சை உள்ளே பிடித்துக்கொண்டு பார்க்கிறது. கீபோர்ட்காரர் கையைத் தூக்குகிறார். எல்லோரும் நிற்கிறார்கள். "அந்த நாலு பாரை மட்டும் இன்னொருக்கா." பார் என்றால் ஒரு தாளச் சுற்று. அந்த நாலு பார் சரிவரும்வரை திரும்பத் திரும்பப் போகும். கேட்கிறவருக்கு இதைவிடச் சலிப்பான விஷயம் உலகத்தில் இல்லை. ஆனால் மேடையில் அந்தப் பாட்டு நிமிர்ந்து நிற்பது அந்தச் சலிப்பால்தான்.

இப்போது அதே இடத்தில் போன் ஓடுகிறது. திரையின் மூலையில் எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்று ஓர் எண் தெரிகிறது. பாட்டு நின்றால் எண் இறங்கும். இதை யாரும் பேசி முடிவெடுப்பதில்லை. ஆனால் கொஞ்ச நேரத்தில் கீபோர்ட்காரரின் கை தூக்குவதை நிறுத்திவிடும். சறுக்கின இடத்தைச் சிரித்துச் சமாளித்துக்கொண்டு அடுத்த வரிக்குப் போய்விடுவார்கள். அடுத்த பாட்டாக எது நன்றாக வருமோ அதை எடுப்பார்கள், எது வராதோ அது "பிறகு பார்ப்பம்" ஆகிவிடும். இரண்டு மணித்தியாலம் கழித்துப் பார்த்தால் தெரிந்த பாட்டை எல்லாம் தெரிந்தபடியே வாசித்து முடித்திருப்பார்கள். ஓட்டை இருந்த பாட்டு ஓட்டையோடு மேடைக்கு வரும். அது மேடையில் விழும்போது மிக்சரில் ஏதாவது செய்யச் சொல்லி என்னைத் திரும்பிப் பார்ப்பார்கள். தாளத்துக்கு மிக்சரில் பொத்தான் கிடையாது.

கமரா முன்னால் ஒத்திகை பார்ப்பது புதிய கதை அல்ல. 1969 ஜனவரியில் பீட்டில்ஸ் என்ற ஆங்கிலேய இசைக்குழு லண்டன் ட்விக்கன்ஹாம் படப்பிடிப்புத் தளத்தில் கமராக்களுக்கு நடுவே புதிய பாட்டுகளுக்குப் பயிற்சி எடுத்தது. ஜனவரி 10ஆம் திகதி கிற்றார்காரர் ஜோர்ஜ் ஹரிசன் குழுவை விட்டு எழும்பிப் போனார். கமரா மட்டும் காரணம் என்று சொல்ல மாட்டேன், அவர்களுக்குள் வேறு கசப்புகளும் இருந்தன. பிறகு அவர் திரும்பி வந்தார், இடத்தையும் மாற்றினார்கள், 30ஆம் திகதி மொட்டை மாடியில் வாசித்தார்கள். அந்தப் படச்சுருளில் பால் மக்கார்ட்னி பேஸ் கிற்றாரைச் சுரண்டிக்கொண்டே ஒரு புதிய பாட்டை இருட்டில் தேடுவதுபோலத் தேடிப் பிடிக்கிற இடம் இருக்கிறது. பார்க்கப் பார்க்க அலுக்காது. ஒத்திகையைக் காட்டவே கூடாது என்கிறவர்களுக்கு அதுவே பதில். ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். உலகம் அந்தத் துண்டுகளை நீளமாகப் பார்த்தது 2021இல் வந்த ஆவணப்படத்தில். அறுபது மணித்தியாலம் அளவிலான படத்தை உட்கார்ந்து வெட்டித் தொகுத்த பிறகு. அந்த நாலு பேரும் வாசித்துக்கொண்டிருக்கும்போது லண்டன் முழுவதும் கூட இருந்து கருத்து எழுதவில்லை.

எங்கள் கிழக்கு மாகாணத்துக் கூத்துக்காரர்கள் இந்தக் கேள்விக்கு எப்போதோ வழி கண்டுவிட்டார்கள். கூத்துப் பழக்குகிற அண்ணாவியார் சட்டம், அதாவது அவரவர் பாத்திரத்துக்கான பாட்டும் வசனமும் எழுதின ஏடு, கொடுத்த நாளில் இருந்து அரங்கேற்றம் வரைக்கும் சதங்கை அணிதல், கிழமைதோறும் ஆடிப் பார்க்கிற கிழமைக்கூத்து, கடைசியில் முழுசாக ஆடிப் பார்க்கிற அடுக்குக்கூத்து என்று படிப்படியாகப் போகும். ஊர்ச்சனம் வந்து குந்தியிருந்து பார்க்கும். அதுவும் ஒத்திகைதான், அதற்கும் பார்வையாளர் உண்டு. ஆனால் காலில் சதங்கை ஏறுவதற்கு ஒரு நேரம் இருந்தது. தாளக்கட்டுப் பிடிபடாதவனுக்குச் சதங்கை கட்டி ஊருக்குக் காட்டுகிற அவசரம் அண்ணாவியாருக்கு இல்லை. அதோடு, பார்க்க வருகிறவர் அதே ஊர்க்காரர். இன்று சறுக்கின பெடியனை அடுத்த கிழமையும் வந்து பார்ப்பார், அவன் முன்னேறினதும் அவருக்குத் தெரியும். போனில் பார்க்கிறவர் நடுவிலே வருகிறார், சறுக்கலை மட்டும் பார்த்துவிட்டுப் போகிறார்.

சரி, கடைசி ஒத்திகையை ஏன் காட்டச் சொல்கிறேன்? பார்க்கிறவர்கள் யார் என்று பாருங்கள். இந்த ஊர் இசைக்கலைஞர்களான பரமேஷ், கோணேஷ் சகோதரர்கள் காலம் தொட்டு இந்த ஊருக்கு மெல்லிசைக் குழு பழக்கமானது. அந்தக் காலத்தில் ஒத்திகையைக் கேட்டவர்கள் பக்கத்து வளவுக்காரர்தான். இப்போது அந்த வளவுக்காரர் ரொறன்ரோவில் இருக்கிறார். இங்கே மாலை ஏழு மணி என்றால் ரொறன்ரோவில் காலை, லண்டனில் மத்தியானம். விடுமுறைக்கு ஊருக்கு வந்து பிள்ளைக்குக் கலியாணம் செய்கிறவர்கள், கோயில் திருவிழாவில் ஒரு நாள் உபயம் எடுத்து இசை நிகழ்ச்சி வைக்கிறவர்கள் எல்லாம் அந்தப் பக்கம்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். மே மாதம் சுற்றுலாக் காலம் தொடங்கினால் உப்புவெளி, நிலாவெளிக் கடற்கரை ஹோட்டல்காரர்களும் குழு தேடுவார்கள். முழுப் பாட்டாக, நிகழ்ச்சி ஒழுங்கில், நிற்காமல் ஒருமுறை வாசித்துக் காட்டினால் இவர்களுக்கு வேறு விளம்பரம் தேவையில்லை. குழுவுக்கும் அது நல்லது. மேடைப் பயத்தில் பாதியை அறைக்குள்ளேயே கழித்துவிடலாம்.

அப்புறம் ஒலி. இது என் தொழில் என்பதால் கொஞ்சம் பிடித்துச் சொல்கிறேன். போனில் உள்ள மைக் சத்தத்தைத் தானே கூட்டிக் குறைக்கும். ட்ரம்ஸில் ஓர் அடி விழுந்தால் பாடுகிறவரின் குரல் தண்ணீருக்குள் போய் மெல்ல மேலே வரும். அதற்காக மிக்சரில் இருந்து நேராக வயர் எடுத்துப் போனில் செருகுகிறவர்கள் உண்டு. அப்போது குரலும் கீபோர்ட்டும் கண்ணாடிபோல் கேட்கும், ட்ரம்ஸ் காணாமல் போய்விடும். சின்ன அறையில் ட்ரம்ஸுக்கு யார் மைக் வைக்கிறார்கள்? அறையின் மேல் மூலையில் தனியாக ஒரு மைக்கைத் தூக்கி வைத்து, நேரலைக்கு மட்டும் வேறாக ஒரு கலவை அனுப்ப வேண்டும். ஒருவர் ஹெட்போனோடு வெளியில் நின்று கேட்க வேண்டும். "கேட்குதா, கேட்குதா" என்று போனைப் பார்த்துக் கத்துவதில் பயனில்லை. பார்க்கிறவருக்கு அது பல விநாடி கழித்துத்தான் போய்ச் சேரும், அவர் பதில் எழுதும்போது நீங்கள் பல்லவியில் இருப்பீர்கள். விநாடிக்கு 3 மெகாபிட் வேகத்தில் அனுப்பினால் ஒரு மணித்தியாலத்துக்கு 1.3 ஜிபிக்கு மேல் டேட்டா போகும். பார்க்க வேண்டியது ஏற்றும் வேகத்தை, இறக்கும் வேகத்தை அல்ல.

உவர்மலைப் பக்கம் ஒரு மாடி அறை என்றால் ஜன்னலைச் சாத்த முடியாது, வெக்கை. திறந்தால் ஓட்டோச் சத்தம், கோயில் மணி, பாங்கு எல்லாம் பாட்டுக்குள் வரும். அதை நான் குறையாகச் சொல்லவில்லை. ரொறன்ரோக்காரர் அதற்காகவே பார்ப்பார்.

சினிமாப் பாட்டு வாசிக்கிற குழுக்கள் இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். அந்தப் பாட்டு உங்களுடையது இல்லை. இலங்கையில் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் இருக்கிறது, பதிப்புரிமை ஆக்கியோனின் ஆயுளுக்குப் பிறகும் 70 வருடம் ஓடும். யூடியூப் நேரலை ஓடிக்கொண்டிருக்கும்போதே இயந்திரத்தால் ஒப்பிட்டுப் பார்க்கும். பொருத்தம் கண்டால் உங்கள் முகத்துக்குப் பதிலாக ஓர் அசையாப் படத்தை வைத்துவிடவும் கூடும். சொந்தப் பாட்டு என்றால் நிலைமை நேர்மாறு. இன்னும் ஒலிப்பதிவு செய்யாத, வரி முடியாத பாட்டைக் கடைசி ஒத்திகையிலும் காட்ட வேண்டாம். அரைகுறையாகக் கேட்டவர் பிறகு முழுசாக வரும்போது புதிதாகக் கேட்க மாட்டார்.

இதையெல்லாம் விட முந்தின கேள்வி ஒன்று உண்டு. ஸ்டாண்டில் போனை வைக்குமுன் அறையில் உள்ள எல்லோரிடமும் கேட்டீர்களா? குறிப்பாகப் பாடுகிற பெண் பிள்ளைகளிடம். கிற்றார்காரர் வேர்த்து வழிந்து நின்றால் யாரும் ஒன்றும் எழுதமாட்டார்கள். வேலை முடிந்து முகம்கூடக் கழுவாமல் வந்து பாடுகிற பிள்ளைக்குக் கீழே என்னென்ன எழுதுகிறார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். அந்தப் பிள்ளை வேண்டாம் என்றால் வேண்டாம்தான், அதில் வாக்கெடுப்பு இல்லை. சம்மதம் என்றாலும் கருத்துப் பெட்டியை மூடி வையுங்கள், யூடியூபில் அதற்கு வழி இருக்கிறது. முடிந்த பிறகு பதிவு எவ்வளவு காலம் கிடக்கும் என்பதையும் முதலே பேசிக்கொள்ளுங்கள். முகநூலில் இப்போது 30 நாளில் தானாகவே நீங்கிவிடும், யூடியூபில் யாராவது அழிக்கும்வரை இருக்கும். அழிக்கிற பொறுப்பை அந்தப் பிள்ளையின் கையிலேயே கொடுத்துவிடுங்கள்.

நன்றி, வணக்கம்.