சொல்லுக்குக் காவல், செயலுக்கு அல்ல

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம். விசாரணைக் கமிஷன் முன் நிற்கும் ஒரு சாட்சி, "இதற்குப் பதில் சொன்னால் நானே குற்றத்தில் மாட்டிக்கொள்வேன்" என்று மறுத்த பிறகும் அவரைப் பேச வைக்கலாமா, பேச வைத்தால் என்ன பாதுகாப்புத் தர வேண்டும் என்பதே இன்றைய பேச்சு. தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் வழக்கறிஞராக இருந்த காலமெல்லாம் என்னை விடாத கேள்வி இது.

டெண்டர் மோசடி என்றதும் நமக்குப் பெரிய பெயர்களே நினைவுக்கு வருகின்றன. ஆனால் தேதியை மாற்றியவரும் முத்திரை குத்தியவரும் சம்பளத்தை நம்பி வாழும் எழுத்தர்தாம், உண்மையும் அவரிடமே இருக்கிறது. டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியிலிருந்து அப்படி ஒருவர் சம்மனோடு என்னிடம் வந்தார். "பேசினாலும் ஜெயில், பேசாவிட்டாலும் ஜெயில், நான் என்ன செய்வேன் ஐயா?" என்று கேட்டார். விசாரணை விதிகளை அவருக்கு வரிவரியாகப் படித்துக் காட்டினேன். "அப்படியானால் என்மேல் வழக்கே வராதா?" என்றார். வரலாம் என்றேன். அங்கே அவர் சொல்லும் சொல்லை அவருக்கு எதிராகக் குற்ற வழக்கில் சாட்சியமாக வைக்க முடியாது. வேறு ஆதாரம் இருந்தால் அவர் செய்த செயலுக்கு வழக்கு வரும். பொய் சொன்னால் அந்தப் பாதுகாப்பும் இல்லை. மறுபடியும் சொல்கிறேன், காவல் சொல்லுக்குத்தான், செயலுக்கு அல்ல. இது தெளிவான பிறகு அவர் விசாரணையில் எல்லாவற்றையும் சொன்னார், யார் சொல்லி முத்திரை குத்தினார் என்பது உட்பட.

நிறவெறி ஆட்சிக்கால மனித உரிமை மீறல்களை ஆராய்ந்த உண்மை மற்றும் நல்லிணக்க ஆணைக்குழுவை அமைத்த 1995 ஆம் ஆண்டுச் சட்டத்தின் 31 ஆம் பிரிவும் இதையே செய்தது. அரசு வழக்குத் தலைவரைக் கலந்தாலோசித்த பிறகே சாட்சியைக் கட்டாயப்படுத்தலாம். அவர் பதிலையோ அதிலிருந்து கிளைத்த ஆதாரத்தையோ அவர்மீது குற்ற வழக்கில் பயன்படுத்தக் கூடாது. அதே ஆணைக்குழு வழங்கிய பொதுமன்னிப்பு முற்றிலும் வேறு, அது செயலையே மன்னித்தது. இரண்டையும் ஒன்றாக எண்ணிக் குழம்புகிறவர்கள் இன்றும் பலர்.

அதே ஆண்டு ஃபெரேரா வழக்கில் அரசியலமைப்பு நீதிமன்றம், திவாலான கம்பெனி பற்றிய விசாரணையில் பதிலைக் கட்டாயமாகப் பெறலாம், ஆனால் அப்பதிலையே பின்னர் அவர்மீது குற்ற வழக்கில் சாட்சியமாக வைக்கக் கூடாது என்றது. பதிலிலிருந்து கிடைத்த பிற ஆதாரங்களை ஏற்பதா என்பதை வழக்கை விசாரிக்கும் நீதிபதியிடம் விட்டது. 2021 ஜனவரியில், அரசு ஊழலை விசாரித்த சோண்டோ கமிஷன் தொடர்பான தீர்ப்பில், கமிஷன் முன் வரும் சாட்சிக்கு வாய்மூடி இருக்கும் உரிமை கிடையாது, தன்னைக் குற்றப்படுத்தும் குறிப்பிட்ட கேள்விக்குப் பதில் மறுக்கும் உரிமை மட்டுமே உண்டு என்று அதே அரசியலமைப்பு நீதிமன்றம் கூறியது.

நேரம் முடியப்போவதால் அமெரிக்காவைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1970 ஆம் ஆண்டுச் சட்டப்படி, அங்கே நிர்வாக அமைப்பு ஒன்று சாட்சிக்கு இவ்வாறு பாதுகாப்பு அளித்துப் பேச வைக்க அட்டர்னி ஜெனரலின் ஒப்புதல் தேவை. 1972 இல் காஸ்டிகர் வழக்கில், அந்தச் சாட்சிமீது பின்னர் வழக்குப் போட்டால் தன் ஆதாரம் அவர் வாக்குமூலத்திலிருந்து வரவில்லை என்று நிரூபிக்கும் பொறுப்பை அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அரசின்மேல் வைத்தது. இங்கே தென்னாப்பிரிக்காவிலும் எல்லா விசாரணைகளுக்கும் அந்தப் பொறுப்பை நீதிபதியின் விருப்பத்துக்கு விடாமல் சட்டத்திலேயே எழுத வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். வணக்கம்.