இரண்டு கைக்கடிகாரங்கள்

நேயர்களுக்கு வணக்கம். உலகக் கோப்பை நாள்களில் மண்டபத்திலும் கீழக்கரையிலும் தேநீர்க் கடைத் தொலைக்காட்சியின் முன் நின்றவர்கள், "90 நிமிடம் முடிந்துவிட்டதே, இன்னும் ஏன் ஆடுகிறார்கள்?" என்று கேட்பதை நான் பலமுறை கேட்டிருக்கிறேன். பள்ளித் திடல்களில் நெடுங்காலம் நடுவராக விசில் ஊதிய எனக்கு, இந்தக் கேள்வி மிகவும் நெருக்கமானது.

கால்பந்தில் கடிகாரம் நிற்பதே இல்லை. வீரர் அடிபட்டுக் கிடந்தாலும், பந்து கோட்டைத் தாண்டினாலும் அது ஓடிக்கொண்டேதான் இருக்கும். காயம், ஆள் மாற்றம், வேண்டுமென்றே செய்யும் தாமதம் ஆகியவற்றால் வீணான நேரத்தை நடுவர் கணக்கில் வைத்திருந்து, 45 நிமிடப் பாதி ஒவ்வொன்றின் முடிவிலும் சேர்த்துத் தருகிறார். பலகையில் காட்டும் எண் குறைந்தபட்ச அளவுதான். அது கூடலாம், குறையாது.

மண்டபத்துக்கு அருகே, கடலை ஒட்டிய திடலில் நடந்த பள்ளி ஆட்டம் ஒன்றைச் சொல்ல வேண்டும். பாதிக்கு 35 நிமிடம். இரண்டாம் பாதியில், கச்சான் காற்று தூக்கிச் சென்ற பந்து சீமைக்கருவேலப் புதருக்குள் விழுந்தது. உள்ளே நுழைந்த பையன் காலில் முள்ளோடும், காற்று இறங்கிய பந்தோடும் வெளியே வந்தான். மாற்றுப் பந்துக்குக் காற்றடிக்க சைக்கிள் பம்பு வந்து சேர்வதற்குள் 4 நிமிடம் போய்விட்டது. இடக்கைக் கடிகாரத்தை ஓடவிட்டு, வலக்கைக் கடிகாரத்தை நிறுத்தி வைத்திருந்தேன். சேர்த்துத் தந்த அந்த நேரத்தில், தோற்றுக்கொண்டிருந்த அணி கோல் போட்டுச் சமன் செய்துவிட்டது. "கடிகாரம் நின்னு போச்சா சார்?" என்று கூட்டம் என்னைச் சூழ்ந்தது. இரு கைகளையும் நீட்டினேன். இடக்கையில் 39, வலக்கையில் 35. முள் எடுத்த பையனின் தந்தையே குனிந்து இரண்டையும் பார்த்து, "சரிதான், விடுங்கப்பா" என்றார். ஆயினும் பிழை என்னுடையது. எத்தனை நிமிடம் சேர்க்கிறேன் என்பதை முன்பே உரக்கச் சொல்லியிருக்க வேண்டும்.

ஆகவேதான், 2022 கத்தார் உலகக் கோப்பையில் இங்கிலாந்து–ஈரான் ஆட்டத்தின் முதல் பாதிக்கு மட்டும் 14 நிமிடம் சேர்த்தபோது, பலர் முணுமுணுத்தாலும் நான் மகிழ்ந்தேன். மீண்டும் சொல்கிறேன், கால்பந்தில் கடிகாரம் நிற்பதில்லை. நடுவர்தான் கணக்கு வைக்கிறார்.

நேரம் நெருங்கிவிட்டதாக நிலைய நண்பர் சைகை காட்டுவதால், கூடைப்பந்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். அங்கே கடிகாரம் மேசையில் இருப்பவர் கையில் உள்ளது. விசில் ஊதினால் நிற்கும். பந்து உள்ளே எறியப்பட்டு, களத்திலுள்ள வீரர் அதைத் தொட்ட பிறகே ஓடும். பன்னாட்டு விதிப்படி, கடைசிக் கால்பகுதியின் இறுதி 2 நிமிடங்களில் பந்து கூடைக்குள் விழுந்தாலும் நிற்கும். அந்த 2 நிமிடம் நீண்டுகொண்டே போவது அதனால்தான். 1972 மியூனிக் ஒலிம்பிக் இறுதி ஆட்டத்தில், கடைசி 3 வினாடிகளுக்காக மூன்று முறை பந்தை உள்ளே எறியவைத்தார்கள். மூன்றாம் முறை சோவியத் அணி 51–50 என்று வென்றது. அமெரிக்க வீரர்கள் வெள்ளிப் பதக்கத்தை ஏற்க மறுத்துவிட்டார்கள். 24 வினாடி விதியைச் சொல்ல நேரமில்லை. வணக்கம்.