கடைசி ஆளோடு ஓடுபவர்

(சென்னை மயிலாப்பூரில், ஓடுகிறவர்களும் ஓடத் தொடங்க நினைக்கிறவர்களும் கூடிய ஒரு மாலைக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவையோருக்கு வணக்கம்.

சற்று முன் வாசலில் ஒரு பெண் என்னை நிறுத்தி, "நான் இன்னும் ஓடத் தொடங்கவில்லை. முதலில் தனியாக இரண்டு மாதம் ஓடிப் பழகிவிட்டு, பிறகு குழுவில் சேரலாம் என்றிருக்கிறேன். அதுதானே முறை?" என்று கேட்டார். இன்று பேசுவதற்குக் குறிப்புகள் எழுதி வந்திருந்தேன். அவற்றை மடித்துப் பையில் வைத்துவிட்டேன். அந்தச் சகோதரிக்குப் பதில் சொன்னாலே இன்றைக்குப் போதும். ஏனென்றால், அதே எண்ணத்தோடு நான் மூன்று ஆண்டுகளைக் கழித்திருக்கிறேன்.

எனக்கு நாற்பத்தொரு வயதில் ரத்தச் சர்க்கரை எல்லையைத் தொட்டு நின்றது. நடந்தால் போதும் என்றார் மருத்துவர். எனக்கோ ஓட வேண்டும் என்று ஆசை. பள்ளியை விட்ட பிறகு ஓடியதே இல்லை. விடியற்காலை ஐந்து மணிக்குக் கிளம்புவேன். பால் பாக்கெட் போடுகிறவர் பார்க்கிறார், வாசல் தெளிக்கிறவர்கள் பார்க்கிறார்கள் என்ற கூச்சத்தில் கால்கள் தாமாகவே வேகம் எடுக்கும். மெதுவாக ஓடினால் 'இது என்ன ஓட்டம்' என்று நினைத்துவிடுவார்களோ என்ற அச்சம். தெருமுனைப் பிள்ளையார் கோயிலை எட்டுவதற்குள் மூச்சு முட்டும், விலாவில் குத்தும், நின்றுவிடுவேன். மூன்று நாள் இப்படி. பிறகு ஒரு மாதம் இடைவெளி. மறுபடியும் மூன்று நாள். ஒவ்வொரு முறையும் 'இது என் உடம்புக்கு ஒத்துவராது' என்ற முடிவோடு வீடு திரும்புவேன்.

என் உடம்பில் அப்போது பெரிய குறை எதுவும் இல்லை என்பது இப்போது தெரிகிறது. தாங்கக்கூடிய வேகத்தைவிட மிக அதிக வேகத்தில் ஓடினேன், அவ்வளவுதான். புதிதாக ஓடுகிறவர்கள் பெரும்பாலும் இதைத்தான் செய்கிறார்கள். அதோடு நம் ஊர்க் காற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சென்னையின் ஈரக்காற்றில் வியர்வை எளிதில் உலராது. உலர்ந்தால்தான் உடல் குளிரும். குளிராத உடலில் தோலுக்கு அதிக ரத்தத்தை அனுப்ப வேண்டியிருப்பதால் இதயம் கூடுதலாகத் துடிக்கிறது. ஆகவே, பெங்களூருவில் சுகமாகத் தோன்றும் அதே வேகம் இங்கே மே மாதத்தில் மூச்சு வாங்க வைக்கும். இதையெல்லாம் தனியாக ஓடும் ஒருத்திக்கு யார் சொல்வார்கள்? பிள்ளையார் கோயில் வாசலில் குனிந்து நின்று மூச்சு வாங்கியபோது என் பக்கத்தில் ஒருவரும் இல்லை.

அடுத்து நடந்ததையும் சொல்ல வேண்டும். ஒரு தோழி சொன்னாள் என்று மெரினாவில் ஓடும் ஒரு குழுவுக்குப் போனேன். எந்தக் குழு என்பது வேண்டாம். கலங்கரை விளக்கத்திலிருந்து நேப்பியர் பாலம் வரை போய்த் திரும்புவது திட்டம். சிரித்த முகத்தோடு வரவேற்றார்கள், கைகால்களை வீசிச் சூடேற்றிக்கொண்டார்கள், புறப்பட்டார்கள். காந்தி சிலையைத் தாண்டும்போது அவர்களுடைய முதுகுகள் தெரிந்தன. கண்ணகி சிலையருகே நான் நின்றபோது முதுகுகளும் தெரியவில்லை. இருட்டு இன்னும் விலகவில்லை, நான்கைந்து நாய்கள் எழுந்து நின்றன. ஆட்டோ பிடித்து வீட்டுக்கு வந்துவிட்டேன். நான் வரவில்லை என்பதை அன்று அங்கே யாரும் கவனிக்கவில்லை.

எனவே, "குழுவில் சேருங்கள், எல்லாம் சரியாகிவிடும்" என்று நான் சொல்ல மாட்டேன். குழு என்ற பெயர் இருந்தால் மட்டும் போதாது. சேருவதற்கு முன் ஒன்றைக் கேளுங்கள்: "உங்கள் குழுவில் கடைசி ஆளோடு ஓடுகிறவர் யார்?" அந்தக் கேள்விக்கு உடனே ஒரு பெயர் வந்தால் சேருங்கள்.

நான் இரண்டாவதாகப் போன இடத்தில் அப்படி ஒருவர் இருந்தார். தொலைபேசித் துறையிலிருந்து ஓய்வுபெற்றவர், அறுபதை நெருங்கியவர், எங்கள் எல்லாருக்கும் அக்கா. பல அரை மராத்தான்கள் ஓடியவர். முதல் நாள் அவர் என்னிடம் கேட்டது என் வயதையோ எடையையோ அல்ல. "இன்றைக்கு வீட்டில் என்ன சமையல்?" என்றார். ஒரு நிமிடம் ஓடினோம், ஒன்றரை நிமிடம் நடந்தோம், மறுபடி ஒரு நிமிடம் ஓட்டம். இந்தக் கணக்கு அக்கா கண்டுபிடித்ததல்ல. 1996-இல் ஜோஷ் கிளார்க் என்ற அமெரிக்கர் வகுத்த ஒன்பது வாரப் பயிற்சியின் முதல் வாரம் அது, இன்று உலகெங்கும் புதியவர்கள் அப்படித்தான் தொடங்குகிறார்கள். ஆனால் சமையல் கேள்வி அக்காவுடையது. நான் பதில் சொல்லிக்கொண்டே ஓட வேண்டும். வாக்கியம் பாதியில் அறுந்தால் வேகம் அதிகம் என்று பொருள், உடனே நடப்போம். பேச முடிகிற வேகமே ஓட வேண்டிய வேகம் என்ற பயிற்சிப் பாடத்தை எனக்கு அவர் கத்தரிக்காயிலும் முருங்கைக்கீரையிலும் கற்றுக்கொடுத்தார்.

ஐந்தாவது வாரமோ ஆறாவது வாரமோ, வற்றல் குழம்புக்கு மணத்தக்காளியா சுண்டைக்காயா என்று பேசிக்கொண்டே ஓடியபோது இடப்பக்கம் பார்த்தேன். கண்ணகி சிலை பின்னால் போய்க்கொண்டிருந்தது. முன்பு நின்றுபோன அதே இடம். எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. அக்கா ஒன்றும் கேட்கவில்லை, ஓட்டத்தை நடையாக மாற்றினார்.

எனக்கு ஊர் தேவகோட்டைப் பக்கம். தைப்பூசத்துக்கு முன் எங்கள் பகுதியிலிருந்து பழனிக்குப் பாதயாத்திரை போவார்கள். நகரத்தார் காவடிகள் குன்றக்குடியில் கூடிப் புறப்படும். என் அத்தைக்கு முழங்கால் வலி. தனியாக என்றால் கடைத்தெருவுக்குப் போய்வரவே யோசிப்பார். அவர் அந்தக் கூட்டத்தோடு பழனி வரை நாள்கணக்கில் நடந்தார். முருகன் நடக்க வைத்தான் என்பார் அத்தை. நான் அதை மறுக்கவில்லை. கூடவே, முன்னால் போனவர்கள் நிழல் பார்த்து உட்கார்ந்து பின்னால் வருகிறவர்களுக்காகக் காத்திருந்ததையும், கொப்புளத்துக்கு யாரோ மருந்து போட்டுவிட்டதையும் அவரே சொல்லியிருக்கிறார். ஆக, கூடிப்போகும் வழக்கம் நமக்குப் புதிதல்ல. அதை ஓட்டத்துக்குக் கொண்டுவரத்தான் நாம் தயங்குகிறோம்.

ஓட்டத்தில் அது எப்படித் தொடங்கியது என்று தேடினால் நியூசிலாந்தின் ஆக்லாந்து நகருக்குப் போக வேண்டும். அங்கே ஆர்தர் லிடியார்ட் என்ற பயிற்றுநர் இருந்தார். செருப்புத் தொழிற்சாலையில் வேலை பார்த்துக்கொண்டே அக்கம்பக்கத்து இளைஞர்களுக்குப் பயிற்சி கொடுத்தவர். 1960 ரோம் ஒலிம்பிக்கில் அவருடைய மாணவர்களான பீட்டர் ஸ்னெல், மரே ஹால்பர்க் இருவரும் ஒரே நாளில் தங்கம் வென்றார்கள். எனக்கு அந்தத் தங்கங்களைவிடப் பெரிதாகத் தெரிவது 1962-இல் நடந்தது. நடுத்தர வயதைக் கடந்தவர்கள், இதய நோய் கண்டவர்கள் என்று ஓட்டத்துக்குச் சற்றும் பொருந்தாதவர்களாகக் கருதப்பட்டவர்களை வைத்து ஆக்லாந்தில் ஒரு மெல்லோட்டக் குழு தொடங்கப்பட்டது. நெஞ்சுவலி வந்தவர் படுக்கையில் இருக்க வேண்டும் என்று பெரும்பாலான மருத்துவர்கள் சொல்லிக்கொண்டிருந்த காலம் அது. அவர்களிடம் லிடியார்ட் வைத்த விதி எளிமையானது: பயிற்சி செய், உடலை வருத்தாதே.

அந்த ஆண்டு டிசம்பரில் அமெரிக்காவின் ஓரிகன் பல்கலைக்கழகத் தடகளப் பயிற்றுநர் பில் பவர்மன் நியூசிலாந்துக்கு வந்தார். பின்னாளில் நைக்கி நிறுவனமாக வளர்ந்ததைத் தொடங்கிய இருவரில் ஒருவர் அவர். அப்போது வயது ஐம்பத்தொன்று. உலகத்தரமான ஓட்டக்காரர்களை உருவாக்கியவர், தன் உடல் நல்ல நிலையில் இருப்பதாகவே நம்பியவர். ஞாயிறு காலை லிடியார்ட் அழைத்தார், போனார். ஆண்களும் பெண்களுமாகப் பல வயதினர் கூடியிருந்தார்கள். ஓட்டம் தொடங்கியது. ஒரு மேடு வந்ததும் பவர்மனுக்கு மூச்சு திணறியது. கூட்டம் முன்னால் போய்விட்டது. அப்போது எழுபது வயதைத் தாண்டிய, மாரடைப்புகளிலிருந்து மீண்ட ஒரு பெரியவர் தன் வேகத்தைக் குறைத்துப் பின்தங்கி அவரோடு சேர்ந்துகொண்டார். பேச்சுக் கொடுத்துக்கொண்டே வந்தார். பவர்மனால் பதில் சொல்ல முடியவில்லை. அந்தப் பெரியவர் அவரைக் கடைசிவரை விட்டுவிடாமல் கூட்டி வந்து சேர்த்தார்.

நியூசிலாந்தில் இருந்த சில வாரங்களும் பவர்மன் தொடர்ந்து ஓடினார். ஊர் திரும்பியதும், 1963-இன் தொடக்கத்தில், யூஜீன் நகர மக்களை மெல்லோட்டத்துக்கு அழைத்தார். வீட்டுப் பெண்களும் அலுவலகம் போகிறவர்களும் சமாளிக்க முடியாத அளவுக்குத் திரண்டு வந்தார்கள். அமெரிக்காவில் சாதாரண மனிதர்கள் தெருவில் ஓடும் பழக்கம் பரவியதற்கு அது ஒரு முக்கியமான தொடக்கம். ஆக்லாந்தின் மேட்டில் அந்தப் பெரியவர் பின்தங்காமல் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் அடிக்கடி நினைப்பேன். பவர்மன் கண்ணகி சிலையருகே நின்ற என்னைப் போல ஆகியிருப்பார் என்றே தோன்றுகிறது.

பெண்களுக்காக இன்னொன்று. 1967-இல் பாஸ்டன் மராத்தானில் 261 என்ற எண்ணோடு ஓடிய கேத்ரின் ஸ்விட்சரை, போட்டி அதிகாரி ஒருவர் வழியில் பிடித்து இழுத்து வெளியேற்றப் பார்த்த புகைப்படத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அவரைக் காப்பாற்றியது உடன் ஓடியவர்கள். அந்தக் கூட்டத்தில் ஆர்னி பிரிக்ஸ் என்பவரும் இருந்தார். சிராகியூஸ் பல்கலைக்கழகத்தில் தபால் கொண்டுபோகும் பணி, வயது ஐம்பது. பெண்ணால் மராத்தான் தூரம் ஓட முடியாது என்று முதலில் வாதிட்டவரும் அவர்தான். அப்படிச் சொல்லிக்கொண்டே அந்தக் குளிர்காலம் முழுக்கப் பனியில் ஸ்விட்சரோடு ஓடிப் பயிற்சி கொடுத்தார். ஓட ஓட அவருடைய கருத்தும் மாறியது. பாஸ்டன் பெண்களை அதிகாரபூர்வமாக அனுமதித்தது 1972-இல்.

கூட ஆள் இருந்தால் உடம்பு உண்மையிலேயே வேறு மாதிரி நடந்துகொள்கிறதா என்று ஆய்வாளர்களும் பார்த்திருக்கிறார்கள். ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகப் படகு வலிக்கும் வீரர்களை ஒரே அளவு உழைப்போடு தனியாகவும் சேர்ந்தும் துடுப்புப் பயிற்சி செய்ய வைத்து, 2009-இல் முடிவை வெளியிட்டார்கள். சேர்ந்து செய்தபோது வலியைத் தாங்கும் அளவு கூடுதலாக உயர்ந்திருந்தது. எனக்கு இது வியப்பாக இல்லை. 2019 அக்டோபர் 12 அன்று வியன்னாவில் எலியுட் கிப்சோகே மராத்தான் தூரத்தை 1 மணி 59 நிமிடம் 40 விநாடியில் ஓடினாரே, அவரைச் சூழ்ந்து மாறி மாறி ஓடியவர்கள் 41 பேர். உலகின் தலைசிறந்த ஓட்டக்காரருக்கே துணை வேண்டியிருக்கிறது. வாசலில் கேட்ட சகோதரி மட்டும் ஏன் இரண்டு மாதம் தனியாகத் துன்பப்பட வேண்டும்?

ஒரு எச்சரிக்கையும் உண்டு. குழுவில் உற்சாகம் தொற்றிக்கொள்ளும். இதயமும் நுரையீரலும் சில வாரங்களில் தேறிவிடும், தசைநாண்களுக்கும் எலும்புக்கும் மாதங்கள் ஆகும். மூச்சு சரியாக இருக்கிறதே என்று தூரத்தைக் கூட்டிக்கொண்டே போனால் முழங்காலும் கணுக்காலும் பேசத் தொடங்கும். எனக்கே நான்காவது மாதத்தில் முன்னங்காலில் எலும்பை ஒட்டி வலி வந்தது. பத்து நாள் ஓடாதே என்று அக்கா சொன்னார். ஓடாத அந்தப் பத்து நாளும் அதிகாலையில் என்னை வரவழைத்து, தண்ணீரும் மோரும் வைக்கும் மேசையில் நிறுத்தினார். பழக்கம் விட்டுப்போகவில்லை. நெஞ்சுவலியோ மயக்கமோ முன்பு வந்தவர்கள் மருத்துவரைப் பார்த்துவிட்டு வர வேண்டும். அதில் விட்டுக்கொடுக்காதீர்கள்.

இப்போது இங்கே இருக்கும் வேகமான ஓட்டக்காரர்களிடம் ஒரு வேண்டுகோள். புதியவரோடு மெதுவாக ஓடினால் உங்கள் பயிற்சி கெட்டுவிடும் என்று சிலர் நினைக்கிறீர்கள். முன்னணி வீரர்களே தங்கள் பயிற்சியின் பெரும்பகுதியை எளிதான வேகத்தில்தான் ஓடுகிறார்கள். அந்த எளிதான ஓட்டத்தை ஒரு புதியவரின் பக்கத்தில் ஓடுங்கள். "என்னால் உங்களுக்குத் தாமதமாகிறதே" என்று நான் சங்கடப்பட்டபோது, "எனக்கு இன்றைக்கு இதுதானம்மா ஓட்டம்" என்றார் அக்கா. என்னைத் தேற்றுவதற்காகச் சொல்கிறார் என்று அன்று நினைத்தேன். அவருடைய பயிற்சி நோட்டைப் பிறகு பார்த்தேன், உண்மையாகவே அந்த நாளுக்கு அப்படித்தான் எழுதியிருந்தார்.

சகோதரி, ஞாயிறு காலை ஐந்து மணிக்குக் காந்தி சிலையருகே வாருங்கள். இருக்கிற ஷூவைப் போட்டுக்கொண்டு வாருங்கள், புதிது பிறகு வாங்கலாம். வெறும் வயிறு ஒத்துக்கொள்ளாதென்றால் ஒரு வாழைப்பழம் சாப்பிட்டுவிட்டு வாருங்கள். நேப்பியர் பாலத்தைப் பற்றி இப்போது யோசிக்க வேண்டாம்.

மற்றவர்களுக்கு: வாசலில் மேசை மேல் ஒரு நோட்டு வைத்திருக்கிறோம். அடுத்த மாதத்தின் நான்கு ஞாயிறுகளிலும் கடைசி ஆளோடு ஓடப்போகிறவர் யார் என்பதை அதில் எழுத வேண்டும். முதல் ஞாயிறு அக்கா, இரண்டாவது நான். மூன்றாவதுக்கு முன்வரிசையில் இருக்கும் தம்பி ஒப்புக்கொண்டிருக்கிறார். நான்காவது இன்னும் காலியாக இருக்கிறது.