பரிசோதனைக் கூடத்துக்குப் பைபர் இழுக்கும் முன்

வணக்கம் நேயர்களே.

2011 செப்டெம்பரில் உலகப் பத்திரிகைகள் ஒரு செய்தியைப் பெரிதாகப் போட்டன: நியூத்திரினோக்கள் என்ற மிக நுண்ணிய துகள்கள் ஒளியை முந்திவிட்டன என்று. ஜெனீவாவுக்கு அருகிலுள்ள சேர்ன் ஆய்வகத்திலிருந்து இத்தாலியின் கிரான் சாசோ மலைக்கடியில் இருந்த ஒபெரா கருவிக்கு 730 கிலோமீற்றர். ஒளி வரவேண்டிய நேரத்துக்கு 60 நனோ செக்கன் முன்னதாகவே அவை வந்து சேர்ந்ததாகக் கணக்குக் காட்டியது. சில மாதங்கள் கழித்துக் காரணம் அகப்பட்டது. ஜி.பி.எஸ் நேரத்தை வெளியிலிருந்து நிலத்தடிக் கடிகாரத்துக்குக் கொண்டுவந்த 8 கிலோமீற்றருக்கு மேற்பட்ட பைபர், அதாவது ஒளியைக் கொண்டுபோகும் கண்ணாடி இழைக் கேபிள், அதன் பெட்டியில் முழுதாகச் செருகப்பட்டிருக்கவில்லை. விழுந்த ஒளி குறைவு. அதனால் ஒளியுணரி ஒவ்வொரு துடிப்பையும் பிந்தியே கண்டுகொண்டது. நேரம் சுமார் 73 நனோ செக்கன் பிசகியது.

கவனியுங்கள், அங்கே எதுவும் அறுந்து போகவில்லை. சிக்னல் வந்துகொண்டுதான் இருந்தது, விடை மட்டும் பிழை. பௌதிகவியல் பரிசோதனைக் கூடத்தின் கேபிள் வேலையை அலுவலகத்துக்கு இன்டர்நெட் இழுப்பதுபோல் கடைசிக் கிழமைக்குத் தள்ளிவைக்கக் கூடாது என்று சொல்வது இதனால்தான்.

கொழும்பில் ஒரு பல்கலைக்கழகம் இப்படியொரு கூடம் அமைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கூடத்திலிருந்து கட்டுப்பாட்டு அறைக்குக் கேபிள் போகும் வழி 80 மீற்றர். அங்கிருந்து வளாகத்தின் பிரதான நெட்வேர்க் அறைக்கு 300 மீற்றர். அதற்கு அப்பால் லேர்ன் என்ற பல்கலைக்கழக வலையமைப்பு இருக்கிறது, அதை நடத்துகிறவர்கள் பார்த்துக்கொள்வார்கள். நமது பொறுப்பு இந்த 380 மீற்றர்.

முதல் வேலை தரவைக் கணக்கிடுவது. செக்கனுக்கு 25 கோடி மாதிரி எடுக்கும் 8 சனல் டிஜிட்டைசர், அதாவது மின் சிக்னலை எண்களாக்கும் கருவி, ஒன்று இருக்கிறது, ஒரு மாதிரிக்கு 2 பைட். இடைவிடாமல் அனுப்பினால் ஒரு சனலுக்குச் செக்கனுக்கு 4 கிகாபிட், எட்டுக்கும் 32 கிகாபிட். அதே கருவியை ட்ரிகர், அதாவது நிகழ்வு ஒன்று நடந்ததென்ற சிக்னல், வரும்போது மட்டும் பதியச் சொல்லி, ஒரு நிகழ்வுக்குச் சனலுக்கு 1000 மாதிரி, செக்கனுக்கு 1000 நிகழ்வு என்று வைத்தால் 128 மெகாபிட்தான் வரும். சாதாரண 1 கிகாபிட் இணைப்பே தாராளம். ஆகவே தொடர் பதிவா, ட்ரிகர் பதிவா என்பதைப் பரிசோதனைக்காரர் தீர்மானிக்கும் முன்பே நெட்வேர்க் ஸ்விட்ச் வாங்கினால் காசு வீண், இல்லாவிட்டால் கருவி வீண்.

அடுத்தது பைபர். ஒளி பல பாதைகளில் போகும் மல்டி மோட் வகையில், ஓ.எம்.3 பைபரில் 10 கிகாபிட் 300 மீற்றர் வரை போகும். 80 மீற்றருக்கு அது போதுமே என்று கேட்பார்கள். போதும்தான். ஆனாலும் ஒளி ஒரே பாதையில் போகும், மஞ்சள் நிற உறையில் வரும் சிங்கிள் மோட் பைபரையே போடுங்கள். மின் சிக்னலை ஒளியாகவும் ஒளியை மின்னாகவும் மாற்றும் மொடியூலைக் கழற்றி வேறொன்று போட ஐந்து நிமிடம் போதும்; சுவருக்குள்ளும் தரைக்கடியிலும் போன கண்ணாடியை மாற்றுவது பெரும்பாடு. இன்று 10 கிகாபிட் ஓடும் அதே சிங்கிள் மோட் இழையில் நாளை 100 கிகாபிட்டும் ஓடும், நேர ஒத்திசைவும் ஓடும். மொடியூல் வாங்கும்போது 10 கிலோமீற்றருக்கான எல்.ஆர் வகையே குறுகிய தூரத்துக்கும் சரி. தூரம் கூடினால் நல்லதென்று நினைத்து 40, 80 கிலோமீற்றர் மொடியூல்களை 80 மீற்றர் பைபரில் மாட்டினால் ஒளி அளவுக்கு மீறி விழும். ஏற்பி திணறும், பழுதாகவும் கூடும்.

எத்தனை இழை? இன்று எட்டு இணைப்பு என்றால் 16 இழை. 24 இழைக் கேபிள் இரண்டை, ஒன்று வடக்குச் சுவரோரமும் மற்றது தெற்குச் சுவரோரமுமாக, இரண்டு வேறு வழிகளில் போடுங்கள். செலவில் பெரும்பங்கு இழுக்கும் கூலிதான். கூடுதல் இழையின் விலை அதற்குப் பக்கத்தில் அற்பம்.

ஒளி இழப்பையும் இப்போதே கூட்டிப் பார்த்துவிடலாம். எல்.ஆர் மொடியூலுக்கு 6.2 டெசிபெல் வரை இழக்க அனுமதி உண்டு. 380 மீற்றர் கண்ணாடி 0.15, நான்கு கனெக்டர் அரை டெசிபெல் வீதம் 2, இழையை இழையோடு இணைக்கும் இரண்டு ஒட்டு 0.2. மொத்தம் 2.4 அளவில் நிற்கிறது. கண்ணாடியின் பங்கு எவ்வளவு சின்னது என்று பாருங்கள். இழப்பின் பெரும்பங்கு நுனிகளில்தான் இருக்கிறது.

அந்த நுனியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும். சிங்கிள் மோட் பைபரில் ஒளி போகும் நடுப்பகுதியின் விட்டம் வெறும் 9 மைக்கிரோமீற்றர். 5 மைக்கிரோமீற்றர் தூசு ஒன்று நடுவில் ஒட்டினால் வழியின் அகலத்தில் பாதிக்கு மேல் குறுக்கே நிற்கும். அதோடு செருகினால் எதிர்ப்பக்கக் கண்ணாடியிலும் அது பதிந்து கீறும். ஒவ்வொரு முறை செருகும் முன்பும் நுனியை மைக்கிரோஸ்கோப்பில் பார்ப்பது, துடைப்பது, மறுபடி பார்ப்பது என்ற ஒழுங்கை விடவே கூடாது. பையைப் பிரித்த புதுக் கேபிளுக்கும் இதே ஒழுங்குதான். கொழும்பில் இன்னொரு தொல்லை ஈரப்பதன். இரவெல்லாம் ஏசி ஓடிய கூடத்தில் காலையில் கதவைத் திறந்து வைத்தால், குளிர்ந்த உலோகத்தில் ஈரம் படியும். மூடியில்லாத கனெக்டரும் ஈரம் பிடிக்கும். மைக்கிரோஸ்கோப் லென்சில் பூஞ்சணமும் வரும், அதைச் சிலிக்கா ஜெல் போட்ட பெட்டியில் வையுங்கள். கண்ணால் நேரே நுனியைப் பார்க்கும் பழக்கம் இருந்தால் இன்றோடு விட்டுவிடுங்கள். 1310 நனோமீற்றர் லேசர் கண்ணுக்குத் தெரியாது.

நிறத்தையும் பாருங்கள். வீட்டுக்கு வரும் பைபர் நுனி பெரும்பாலும் பச்சை, அதன் முகம் 8 பாகை சாய்வாகத் தீட்டப்பட்டது. மொடியூல்களுக்கு வேண்டியது நீலம், நேர்முகம். புறக்கோட்டையில் அவசரத்துக்குப் பட்ச் கோட் எனும் குட்டை இணைப்புக் கேபிள் வாங்கும்போது, நிறத்தைத் தவிர இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். பச்சையை நீலத்தோடு சேர்த்தால் நடுவில் காற்றிடைவெளி விழுந்து பல டெசிபெல் போய்விடும்; கண்ணாடி முகமும் பழுதாகும்.

இனி மின்னல். நம் நாட்டில் மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் மாலை வேளைகளில் அது எப்படி இறங்கும் என்பது உங்களுக்கே தெரியும். கட்டடத்துக்குக் கட்டடம் செப்புக் கேபிள் போட்டால் பக்கத்தில் விழும் மின்னல் இரண்டு பக்கத்துக் கருவிகளையும் ஒன்றாகக் கருக்கும். பைபர் போட்டால் தப்பலாம், ஆனால் கேபிளுக்குள் இரும்புக் கம்பியோ உலோகக் கவசமோ இருந்தால் அந்த நன்மை போயிற்று. எலிக்குப் பயந்து கவசம் கேட்கிறீர்களா? கண்ணாடி நார்க் கவசம் உள்ள கேபிள் இருக்கிறது, அதைக் கேளுங்கள். கூடத்துக்குள்ளும் இதே தத்துவம்தான். உறையிட்ட ஈதர்நெட் கேபிளை கருவிகள் அடுக்கிய இரண்டு ராக்குகளுக்கு இடையில் மாட்டினால், அந்த உறை இரண்டு எர்த்துகளையும் இணைத்துவிடும். பிறகு நுண்ணிய சிக்னலில் 50 ஹேர்ட்ஸ் இரைச்சலைத் தேடி அலையவேண்டி வரும். செப்பு ராக்குக்குள்ளேயே நிற்கட்டும், ராக்கை விட்டு வெளியே போவதெல்லாம் பைபர்.

துகள்களை வேகப்படுத்தும் ஆர்முடுக்கியோ வலிய கதிர்மூலமோ இருக்கும் கூடமென்றால், கதிர்வீச்சில் சாதாரண பைபர் மெல்ல மெல்லக் கருமையேறும். பொசுபரசு கலந்த கண்ணாடியில் இது அதிகம். அங்கே கதிர்வீச்சைத் தாங்கும் வகையையே கேட்டு வாங்கவேண்டும்.

நேர ஒத்திசைவுக்குச் சேர்னில் உருவான வைட் ரபிட் முறை இருக்கிறது. ஒரு நனோ செக்கனுக்கும் குறைந்த பிசகில் கருவிகளை ஒன்றாக ஓட்டும். பைபரில் ஒளி ஒரு மீற்றர் போக ஏறக்குறைய 5 நனோ செக்கன் எடுக்கும். போகும் இழையும் வரும் இழையும் வெவ்வேறாக இருந்து, ஒன்று மற்றதைவிட 2 மீற்றர் நீளமானால் 10 நனோ செக்கன் வித்தியாசம். கணக்கில் அதன் பாதி, 5 நனோ செக்கன், பிழையாக நுழைந்துவிடும். அதனால்தான் ஒரே இழையில் இரண்டு அலைநீளங்களை எதிரெதிராக அனுப்புகிறார்கள். இதற்கென நான்கு இழைகளை இப்போதே ஒதுக்கி, வேறெவரும் தொடாதபடி குறித்து வையுங்கள்.

ஸ்விட்ச் பக்கத்தில் ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்லவேண்டும். தரவுப் பாதையையும், உயர் மின்னழுத்தம், வெற்றிடப் பம்பி போன்றவற்றைக் கட்டுப்படுத்தும் பாதையையும் ஒன்றாகக் கலக்காதீர்கள். வாயுக் கசிவு அலாரம், அவசர நிறுத்தம் இரண்டும் எந்த ஸ்விட்சையும் நம்பியிருக்கக் கூடாது, தனி வயரில் நேரே போகவேண்டும். பெரிய தரவுப் பக்கெட், அதாவது 9000 பைட், பாவிப்பதென்றால் பாதையிலுள்ள எல்லாக் கருவியிலும் அதே அளவை வையுங்கள். ஒன்றில் 1500 ஆக விட்டாலும் இணைப்பைச் சோதிக்கும் பிங் ஒழுங்காகப் பதில் சொல்லும், பெரிய கோப்பு மட்டும் இடையில் தொங்கி நிற்கும். ஸ்விட்சுக்கு யூ.பி.எஸ் வேண்டும் என்பதைக் கறண்ட் போய்வரும் ஊரில் சொல்லத் தேவையில்லை.

இழுக்கும் நாளில் கொந்தராத்துக்காரரோடு ஒருவர் கூடவே நிற்கவேண்டும். உறையைப் பிடித்து இழுக்க விடாதீர்கள், உள்ளிருக்கும் கெவ்லார் நூலில் கட்டித்தான் இழுக்கவேண்டும். இழுக்கும்போது வளைவின் ஆரை கேபிள் விட்டத்தின் இருபது மடங்குக்குக் குறையக் கூடாது, போட்டு முடிந்தபின் பத்து மடங்கு. பிளாஸ்டிக் டையால் இறுக்காமல் வெல்குரோவால் கட்டுங்கள். இரு நுனியிலும் 3 மீற்றராவது சுருட்டி விடுங்கள்.

கடைசித் தவணைப் பணம் கொடுக்கும் முன் ஒவ்வொரு இழைக்கும் 1310, 1550 நனோமீற்றர் ஆகிய இரண்டு அலைநீளங்களிலும் அளந்த தாளைக் கேட்டு வாங்குங்கள். இரண்டிலும் இழப்பு ஒரேயளவில் கூடியிருந்தால் அழுக்கோ மோசமான ஒட்டோ இருக்கிறது. 1550இல் மட்டும் எகிறினால் எங்கோ கேபிள் மடிந்து நசிந்திருக்கிறது. ஒளித் துடிப்பை அனுப்பி, திரும்பி வருவதைக் கொண்டு கோளாறின் இடத்தைக் காட்டும் ஓ.டி.டி.ஆர் கருவியால் இரு பக்கமிருந்தும் பார்க்கவேண்டும். முன்னால் 100 மீற்றர் அளவில் தனிச் சுருள் ஒன்று போடாவிட்டால் முதல் கனெக்டரின் கோளாறு திரையில் தெரியாது. இரு நுனியிலும் ஒரே இலக்கம் ஒட்டி, எந்த இழை எங்கே போகிறது என்ற வரைபடத்தை ராக் கதவின் உட்புறம் ஒட்டும்வரை அந்த வேலையை முடிந்ததாக ஏற்கவேண்டாம்.

வணக்கம்.