ஆக்ஸிமீட்டரில் 98 இருந்தால் போதுமா? கர்ப்பிணிகளின் முதல் செக்கப்பும் ரத்தசோகையும்

[திரையில்: விரலில் மாட்டிய ஆக்ஸிமீட்டர், 98 என்று காட்டுகிறது]

வணக்கம். கொரோனா சமயத்தில் பல வீடுகளுக்கு இந்தக் குட்டி மெஷின் வந்து சேர்ந்தது. நாள் தள்ளிப்போன பெண், கொல்லைப்புறம் போய்வந்தாலே மூச்சு வாங்குகிறது, படபடப்பாக வருகிறது என்று சொன்னால் வீட்டில் இதை மாட்டிப் பார்த்துவிட்டு, "98 காட்டுது, ஒண்ணுமில்ல, செத்த படு" என்று சொல்லிவிடுவார்கள். கொரோனா பயம் கொஞ்சம் தணியும், சரி. ஆனால் ரத்தசோகை இருக்கிறதா இல்லையா என்று அந்த 98 சொல்லவே சொல்லாது.

ரத்தத்தில் இருக்கிற ஹீமோகுளோபினில் எவ்வளவு பங்கு ஆக்ஸிஜனைச் சுமக்கிறது என்பதைத்தான் ஆக்ஸிமீட்டர் காட்டும், ஹீமோகுளோபின் மொத்தமாக எவ்வளவு இருக்கிறது என்பது அதற்குத் தெரியாது. கொள்முதல் நிலையத்துக்குப் பத்து லாரி வர வேண்டிய இடத்தில் ஆறுதான் வந்திருக்கிறது, ஆனால் ஆறிலும் மூட்டை முழுசாக ஏற்றியாயிற்று என்றால், "எல்லா லாரியும் ஃபுல்" என்பது உண்மைதானே, மீதி நெல் களத்தில் கிடப்பது அந்தக் கணக்கில் வராது.

அதனால் ரத்தம் எடுத்துப் பார்த்தால்தான் தெரியும். போனில் டாக்டரிடம் எதை வேண்டுமானாலும் பேசலாம், ஹீமோகுளோபினை மட்டும் போனில் பார்க்க முடியாது.

[திரையில்: 11 / 10 / 7]

கர்ப்பிணிக்கு 100 மில்லி ரத்தத்தில் ஹீமோகுளோபின் 11 கிராமுக்குக் கீழே போனால் ரத்தசோகை. 10 வரை லேசானது, 7 முதல் 9.9 வரை நடுத்தரம், 7க்குக் கீழே கடுமை. 2019-21இல் எடுத்த தேசிய குடும்ப நல ஆய்வின்படி நாட்டில் கர்ப்பிணிகளில் 52.2 சதவீதம் பேருக்கு இது இருந்தது.

இப்போது 2020க்கு வருவோம். மார்ச் கடைசியில் ஊரடங்கு, பஸ் கிடையாது. ஜூன் 12இல் மேட்டூர் திறந்தார்கள், டெல்டாவில் குறுவை வேலை ஓட ஆரம்பித்தது. ஆஸ்பத்திரிக்குப் போனால்தான் ஒட்டிக்கொள்ளும் என்ற பயம் ஒரு பக்கம், "மூணு மாசம் முடியட்டும், அப்புறம் வெளியே சொல்லலாம், கண்ணு படும்" என்கிற பழைய வழக்கம் இன்னொரு பக்கம். இரண்டும் சேர்ந்தால் முதல் செக்கப் ஐந்தாம் மாதத்துக்குப் போய்விடும். கண்ணு படுகிற விஷயத்தில் நான் சண்டைக்கு வரவில்லை, ஊருக்குச் சொல்ல வேண்டாம், நர்ஸம்மாவிடம் மட்டும் சொல்லுங்கள்.

முதல் செக்கப் 12 வாரத்துக்குள் ஏன் வேண்டும் என்றால், இரும்புச்சத்து மாத்திரை மெதுவாகத்தான் வேலை செய்யும். ஒழுங்காகப் போட்டாலும் மாதத்துக்கு ஒரு கிராம் ஏறினால் நல்ல ஏற்றம். மூன்றாம் மாதத்தில் 8 என்று தெரிந்தால் கையில் நாள் இருக்கிறது. எட்டாம் மாதத்தில் தெரிந்தால் மாத்திரையால் எட்டிப் பிடிக்க முடியாது, இரும்புச்சத்து ஊசியோ ரத்தம் ஏற்றுவதோதான் வழி, அதுவும் ரத்ததான முகாம்களே நடக்காத கொரோனா மாதிரி நேரத்தில் ரத்தத்துக்கு எங்கே அலைவது? பிரசவத்தில் உதிரப்போக்கு வந்தால் ஏற்கெனவே ரத்தம் குறைந்த உடம்பு அதைத் தாங்காது.

[திரையில்: முறத்தில் பச்சரிசி]

வீட்டிலேயே கவனிக்க ஒன்று. அரிசி புடைக்கும்போது ஒரு பிடி பச்சரிசியை வாயில் போட்டு மெல்லுவது, சாம்பல், விபூதி, மண் என்று தேடுவது. மசக்கை ஆசை என்று சிரித்துவிட்டுப் போகிறோம், ஆனால் பல சமயம் அது இரும்புச்சத்துக் குறைவின் அடையாளம். வெறுங்காலில் நடப்பவர்களுக்கு மண்ணிலிருந்து பாதத் தோல் வழியாகக் கொக்கிப்புழு ஏறி, குடலில் உட்கார்ந்து ரத்தம் குடிக்கும். அதற்கான அல்பெண்டசோல் மாத்திரையை முதல் மூன்று மாதத்தில் போடக்கூடாது, அதன் பிறகு நர்ஸ் தருவார்.

முதல் செக்கப்பிலேயே ரத்த வகை, சர்க்கரை, ஹெச்ஐவி, சிபிலிஸ், சிறுநீர், பிபி எல்லாம் முடிந்துவிடும். கர்ப்பத்தை அரசிடம் பதிவு செய்ததும் தரும் பிக்மி நம்பரும் வாங்கிக்கொள்ளுங்கள், முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித்தொகைக்கு அது வேண்டும்.

முதல் மூன்று மாதம் ஃபோலிக் ஆசிட். நான்காம் மாதத்திலிருந்து இரும்புச்சத்து மாத்திரை தினம் ஒன்று, குறைந்தது 180 நாள். டீ, காபியோடு போட்டால் சத்து உடம்பில் சேராது, ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். கால்சியம் மாத்திரையை வேறு வேளைக்கு மாற்றுங்கள். குமட்டினால் ராத்திரி சாப்பிட்ட பிறகு போடலாம். மலம் கருப்பாகப் போகும், பயந்து நிறுத்திவிடாதீர்கள். முருங்கைக்கீரை நல்லதுதான், ஆனால் 8இல் இருப்பவருக்குக் கீரை மட்டும் போதாது.

மறுபடி தொற்று, ஊரடங்கு என்று வந்தால், ஸ்கேனும் ரத்தப் பரிசோதனையும் ஒரே நாளில் வைக்க முடியுமா என்று கேளுங்கள், மாத்திரையை இரண்டு மாதத்துக்குச் சேர்த்துக் கேளுங்கள். காய்ச்சல் இருமல் இருந்தால் 104க்கோ நர்ஸுக்கோ போன் போட்டு, கர்ப்பம் என்று முதலில் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். உதிரம் பட்டாலோ, வலிப்பு வந்தாலோ, ஹீமோகுளோபின் 7க்குக் கீழே வந்தாலோ போனில் யோசனை கேட்டுக்கொண்டு இருக்க வேண்டாம், நேராகப் பெரிய ஆஸ்பத்திரிதான், வண்டி இல்லையென்றால் 108.