கூரைக்கு ஒரு ரசீது, பசிக்கு ஒரு ரசீது

(பெங்களூரில் உள்ள ஒரு கத்தோலிக்கப் பங்கின், அதாவது ஓர் ஆலயத்து மக்கள் சமூகத்தின், மன்றத்தில், ஞாயிறு தமிழ்த் திருப்பலிக்குப் பிறகு நிதிக்குழு உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

மரியாதைக்குரிய பங்குத்தந்தை அவர்களே, அருட்சகோதரிகளே, அன்பியப் பொறுப்பாளர்களே, பங்கு மக்களே, வணக்கம்.

இந்த ஆண்டு அன்பியங்கள் என்னும் நம் அக்கம்பக்கத்துக் குடும்பக் குழுக்களின் கூட்டங்களுக்குப் போன இடமெல்லாம் ஒரே கேள்வி வந்தது. "கோயில் வேலைக்கு இவ்வளவு செலவு எதற்கு? அந்தப் பணத்தை ஏழைகளுக்குக் கொடுத்தால் என்ன?" யோவான் நற்செய்தியில் யூதாசு கேட்ட கேள்விதானே இது என்று சொல்லி வாயை அடைத்துவிடுவது எளிது. நான் அப்படிச் செய்ய மாட்டேன். பெத்தானியா வீட்டில் இயேசுவின் காலில் விலையுயர்ந்த நறுமணத் தைலம் பூசப்பட்டபோது யூதாசு அப்படிக் கேட்டான் என்று எழுதும் நற்செய்தியாளர், அடுத்த வரியிலேயே காரணத்தையும் சொல்கிறார்: பணப்பை அவனிடம் இருந்தது, அதிலிருந்து எடுத்துக்கொள்வது அவன் வழக்கம். அவருடைய கோபம் கேள்வியின் மீது அல்ல, பையைக் கையில் வைத்திருந்தவன் மீது. ஆகவே அந்த வசனத்துக்கு அஞ்ச வேண்டியவர்கள் கேள்வி கேட்கும் நீங்கள் அல்ல. பையை வைத்திருக்கும் எங்களைப் போன்றவர்கள்தான்.

முதலில் கட்டடம். புனித அந்தோணியார் சுரூபத்துக்குப் பின்னால் உள்ள சுவரை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். கட்டை விரலால் அழுத்தினால் பெயிண்ட் உதிரும், உள்ளே வெள்ளையாக உப்புப் பூத்திருக்கும். இரண்டு முறை பெயிண்ட் அடித்தும் நிற்கவில்லையே, மறுபடியும் அதே சுவருக்கா காசு என்று பலர் வருத்தப்பட்டீர்கள். காரணம் பெயிண்டில் இல்லை. இது சுண்ணாம்புச் சாந்தில் எழுப்பிய பழைய செங்கல் சுவர். மண்ணிலிருந்து ஈரத்தை உறிஞ்சும், காற்றில் அந்த ஈரத்தை விட்டுவிடும். பிற்காலத்தில் அதன் மேல் சிமெண்ட் பூசினார்கள். ஈரம் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே தங்கி, பூச்சு பலவீனமான இடத்தில் உப்போடு வெளியே வருகிறது. அந்த உப்பு படிகமாகும்போது பெயிண்டைத் தள்ளிவிடுகிறது. சிமெண்டை முழுவதும் கொத்தி எடுத்துவிட்டுத் திரும்பவும் சுண்ணாம்பு பூசுவதுதான் ஒரே வழி. வேலை இழுத்துக்கொண்டே போகிறது என்று குறைப்படுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சுண்ணாம்பை நீற்றி, ஊறவிட்டு, மணலோடு குழைத்துப் பூசிய பிறகு, அது காற்றிலுள்ள கரியமில வாயுவை உறிஞ்சித்தான் மெல்ல மெல்ல இறுகும். ஒரு பூச்சு ஆறாமல் அடுத்ததைப் போட்டால் வெடித்துவிடும். நம் கொத்தனார் கடுக்காய் ஊறிய தண்ணீரையும் வெல்லத்தையும் சேர்த்துக் குழைப்பதைச் சிறுவர்கள் வேடிக்கை பார்க்கிறார்கள், நன்றாகப் பார்க்கட்டும். நம் ஊர்ப் பக்கத்துப் பழைய கோயில்களும் மாளிகைகளும் நிற்பது அந்தக் கைவேலையில்தான். பீடத்தின் வலப்புறம் முடிந்துவிட்டது. இடப்புறம் மழைக்காலம் கழிந்த பிறகுதான்.

கூரையில் உடைந்த மங்களூர் ஓடுகளை மாற்றி, மழைநீர்க் குழாய்களைத் தொட்டியோடு இணைத்துவிட்டோம். ஒரு சதுர மீட்டர் கூரையில் ஒரு மில்லி மீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் தண்ணீர். பெங்களூரில் ஆண்டுக்கு 900 மில்லி மீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. ஒவ்வொரு 100 சதுர மீட்டர் கூரையும் ஆண்டுக்குத் தொண்ணூறாயிரம் லிட்டர் தருகிறது. சிந்துவதும் ஆவியாவதும் போக மீதி நமக்கு. 2024 மார்ச்சில் டேங்கர் லாரிக்காகக் குடத்தோடு காத்து நின்றவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

அடுத்து கழிப்பறை. கோயிலில் பேசத் தகாத விஷயம் என்று சிலர் நினைக்கலாம். எனக்கு இந்த ஆண்டின் வேலைகளிலேயே மிக முக்கியமானது இதுதான். அதிகாலைப் பஸ் பிடித்து முதல் திருப்பலிக்கு வரும் நம் பாட்டிமார்கள், முந்தின இரவிலிருந்தே தண்ணீர் குடிக்காமல் வருகிறார்கள். வழியிலும் இடமில்லை, இங்கே இருந்த ஒரே கழிப்பறைக்கும் நான்கு படி ஏற வேண்டும். ஓர் அம்மா என்னிடம் சொன்னார்: "நாக்கு ஒட்டிக்கொண்டுதான் நற்கருணை வாங்குகிறேன் தம்பி." அதைக் கேட்ட பிறகு எனக்கு வேறு எந்த வேலையும் முதலாவதாகத் தெரியவில்லை.

அப்போதுதான் ஒரு குடும்பத்தார், லூர்து மாதா சுரூபம் வைக்கும் குகை வடிவக் கெபி ஒன்றைக் கருங்கல்லில் கட்டித் தருகிறோம் என்று பெரிய தொகையோடு வந்தார்கள். திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 1267ஆம் பிரிவு, ஒரு குறிப்பிட்ட நோக்கத்துக்காகக் கொடுக்கப்பட்ட காணிக்கையை அந்த நோக்கத்துக்கு மட்டுமே செலவிடலாம் என்கிறது. கெபிக்கு என்று வாங்கிவிட்டுக் கழிப்பறை கட்ட முடியாது, கட்டவும் கூடாது. ஆகவே ரசீது எழுதும் முன்பே பங்குத்தந்தையும் நாங்களும் அவர்கள் வீட்டுக்குப் போய் நிலைமையைச் சொன்னோம். அந்த வீட்டுத் தலைவி, "மாதாவுக்கும் அதுதான் பிடிக்கும்" என்றார். சாய்தளம், கைப்பிடி, சக்கர நாற்காலி நுழையும் அகலக் கதவு என எல்லாமே அவர்கள் கொடுத்த பணத்தில் எழுந்தவை. பெயர் பொறிக்க வேண்டாம் என்று அவர்களே கேட்டுக்கொண்டார்கள்.

சரி, ஏழைகளுக்கு என்ன செய்தீர்கள்? கட்டடமும் தர்மமும் ஒன்றுக்கொன்று எதிரி என்று நினைப்பவர்களுக்கு நம் ஊர் வரலாற்றிலேயே பதில் இருக்கிறது. இன்று சிவாஜி நகரில் வானுயர்ந்து நிற்கும் புனித மரியன்னை பேராலயத்தின் தொடக்கம், செஞ்சிப் பக்கத்திலிருந்து வந்து குடியேறிய தமிழர்களுக்காக 1818இல் பிரெஞ்சு மறைப்பணியாளர் அபே துபுவா எழுப்பிய ஓலைக் கூரைச் சிற்றாலயம். இப்போதுள்ள கோபுரக் கோயில் அர்ச்சிக்கப்பட்டது 1882 செப்டம்பர் 8. அந்தக் கூரை வேய்ந்த அதே துபுவாதான், மைசூர் நாட்டில் பெரியம்மைக்கு எதிராக ஆயிரக்கணக்கானோருக்கு அம்மை குத்த முன்னின்றவர். நம் முன்னோர் தெரிந்துகொண்ட திருச்சபை, இரண்டையும் ஒரே கையால் செய்தது.

நம் பங்கில் அந்தக் கை, வின்சென்ட் தே பவுல் சபை. 1833இல் பாரிசில் பிரெடரிக் ஓசானாம் என்ற இருபது வயது மாணவரும் நண்பர்களும் தொடங்கியது. வீடு தேடி இருவர் இருவராகப் போவதும், கூட்டம் முடியும்போது யார் எவ்வளவு போட்டார் என்று தெரியாதபடி இரகசியப் பையைச் சுற்றி அனுப்புவதும் அவர்கள் வழக்கம். இந்த ஜூனில் அவர்கள் கட்டிய பள்ளிக் கட்டணம் எதுவும் பெற்றோர் கையில் கொடுக்கப்படவில்லை. காசோலையாக நேரே பள்ளிக்குப் போனது. எந்தக் குழந்தைக்கு என்று நான் சொல்லப் போவதில்லை. உங்கள் பிள்ளையோடு ஒரே பெஞ்சில் இருக்கும் பிள்ளையாகக்கூட இருக்கலாம்.

2023 டிசம்பரில் தூத்துக்குடிப் பக்கம் வெள்ளம் வந்தபோது நாம் துணி சேர்த்தோம். நல்ல மனதோடுதான் கொடுத்தீர்கள். ஆனாலும் பொத்தான் இல்லாத சட்டையும் கிழிந்த போர்வையும் மூட்டை மூட்டையாக வந்து, அவற்றைப் பிரித்து ஒதுக்கவே இளைஞர்களின் நேரம் போய்விட்டது. வெள்ளத்தில் எல்லாவற்றையும் இழந்தவருக்கும் மானம் உண்டு. இனி நாம் உடுத்தத் தயங்கும் துணியைக் கொடுக்க வேண்டாம். புதிய பாயோ உள்ளாடையோ வாங்கிக் கொடுங்கள், அல்லது பணமாகக் கொடுங்கள்.

கணக்குக்கு வருகிறேன். எருசலேம் ஏழைகளுக்காகக் கொரிந்து மக்களிடம் திரட்டிய பணத்தைப் புனித பவுல் தனியாகத் தூக்கிக்கொண்டு போகவில்லை. யாரும் குறை சொல்ல இடம் வைக்கக் கூடாது என்று எழுதி, நம்பிக்கைக்குரிய சகோதரர்களைத் தம் உடனுழைப்பாளர் தீத்துவோடு அனுப்பினார். விசுவாசிகள் கொடுத்தவற்றுக்கு அவர்களிடமே கணக்குக் காட்ட வேண்டும் என்பது சட்டத் தொகுப்பின் 1287ஆம் பிரிவு. எனவே இரண்டு ரசீதுப் புத்தகங்கள்: நீலம் கட்டடத்துக்கு, மஞ்சள் பிறரன்புப் பணிக்கு. வங்கிக் கணக்கும் தனித்தனி. ஒன்றில் குறைந்தால் மற்றொன்றிலிருந்து கைமாற்றுக்கூட எடுப்பதில்லை. மாதக் கணக்கு தமிழ், கன்னடம், ஆங்கிலம் மூன்றிலும் அறிவிப்புப் பலகையில் ஒட்டப்படுகிறது. கன்னடத் திருப்பலிக்கும் ஆங்கிலத் திருப்பலிக்கும் வருபவர்களும் இதே கூரையின் கீழ்தான் முழந்தாளிடுகிறார்கள். பலகையில் ஒரு வரி புரியவில்லை என்றால் என்னை நிறுத்திக் கேளுங்கள். கேட்பது அவமரியாதை அல்ல, உங்கள் உரிமை.

ஒரு வேண்டுகோள். திருவிழாக் கொடியேற்றத்துக்கு முன் கணக்கை முடிக்க வேண்டியிருக்கிறது. அன்பியப் பொறுப்பாளர்கள் தங்களிடம் உள்ள நீலம், மஞ்சள் புத்தகங்களை, எழுதாத தாள்கள் இருந்தாலும், வரும் ஞாயிறு இரண்டாம் திருப்பலிக்குப் பின் பங்கு அலுவலகத்தில் ஒப்படைத்துக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். தொலைந்த புத்தகம் ஏதேனும் இருந்தால் அதன் எண்ணை இன்றே என்னிடம் சொல்லிவிடுங்கள்.