முதல் மழைக்கு மீன் ஏன் சாகுது? – சந்தேகங்களுக்கு விளக்கம்

வணக்கம். இது போன தடவையே எடுத்துக்க வேண்டிய கேள்வி. நேரம் ஓடிப்போச்சு, விட்டுட்டோம். ஆனா எனக்கு அது மண்டைக்குள்ள குடைஞ்சுக்கிட்டே இருந்துச்சு. தம்பி, அதை ஒரு தடவை அப்படியே படிச்சுடுப்பா.

"ஐயா, எங்க ஆத்துல கலந்துக்கிட்டு இருந்த சாக்கடையை மறிச்சு சுத்திகரிப்பு நிலையத்துக்குத் திருப்பி விட்டுட்டாங்க. வெயில் காலம் பூரா தண்ணி பார்க்க நல்லாத்தான் இருக்கு. ஆனா வெயில் முடிஞ்சு முதல் பெருமழை பெய்யுது பாருங்க, மறுநாள் காலையில மீன் செத்து மிதக்குது. மழைத்தண்ணி நல்ல தண்ணிதானே? அது வந்தா ஆறு சுத்தமாகத்தானே செய்யணும்?"

நல்ல கேள்விங்க. கேட்ட அம்மாவுக்கு நன்றி. வெள்ளம் வந்தா அழுக்கையெல்லாம் அடிச்சுக்கிட்டுப் போயிடும்னு நாம எல்லாருமே நினைக்கிறோம். அடிச்சுக்கிட்டுத்தான் போகுது, சரி. ஆனா எங்கேருந்து அடிச்சுக்கிட்டு வருது? அதை யாரும் கேக்குறதில்ல.

முதல்ல மீனைப் பார்த்துடுவோம். இந்த மாதிரி நேரத்துல பெரும்பாலும் மீன் விஷத்துல சாகுறதில்ல, மூச்சுத் திணறித்தான் சாகுது. தண்ணியில கரைஞ்சிருக்கிற ஆக்சிஜன் ரொம்பக் கொஞ்சம். 20 டிகிரி வெப்பத்துல லிட்டருக்கு 9 மில்லிகிராம்தான் நிக்கும். தண்ணி 30 டிகிரிக்குச் சூடாயிடுச்சுன்னா ஏழரைதான். வெயில் காலக் கடைசியில ஆறு ஏற்கெனவே அந்த நிலைமையிலதான் இருக்கு. அது 2 மில்லிகிராமுக்குக் கீழ இறங்குச்சுன்னா பெரும்பாலான மீன் தாங்காது. அதுவும் ராத்திரி பூரா பாசி, செடி எல்லாம் ஆக்சிஜனை இழுத்துக்கிட்டே இருக்கும், கொடுக்காது. அதனால விடியறதுக்குக் கொஞ்சம் முன்னாடிதான் அளவு ஆகக் குறைவா இருக்கும். "மறுநாள் காலையில"ன்னு அந்த அம்மா எழுதியிருக்காங்க பாருங்க, எனக்கு அந்த ஒரு வார்த்தையே பாதி பதில் சொல்லிடுச்சு.

இன்னொண்ணு கவனிங்க. செத்துக் கிடக்கிறதுல பெரிய மீன் நிறைய இருந்து, குஞ்சுகள் தண்ணி மட்டத்துல வாயைப் பொளந்து பொளந்து நின்னுச்சுன்னா அது ஆக்சிஜன் பஞ்சம். விராலும் தேளியும் மட்டும் ஜம்முனு திரியும், ஏன்னா அதுங்க மேல வந்து காத்தையே குடிச்சுக்கும். அதுவும் சேர்ந்து செத்துக் கிடந்தா அப்போ சந்தேகப்படுங்க, யாரோ எதையோ கொட்டியிருக்காங்க. மீன் வளர்க்கிறவங்க யாரைக் கேட்டாலும் இதைச் சொல்லுவாங்க.

சரி, ஆக்சிஜன் எங்க போச்சு? அழுக்கைத் தின்னுற பாக்டீரியா எடுத்துக்குச்சு. ஆத்தடியில வெயில் காலம் பூரா படிஞ்சு கிடந்த கருப்புச் சேறு, முட்டை அழுகின நாத்தம் அடிக்குமே அது, முதல் வெள்ளத்துல கிளறிக்கிட்டு மேல வருது. கூடவே ஊரைக் கழுவின தண்ணியும் வருது. ரெண்டும் சேர்ந்தா பாக்டீரியாவுக்குத் திருவிழா.

இதைக் கணக்காவே போட்டு வச்சிருக்காங்க. 1925-ல ஸ்ட்ரீட்டர், பெல்ப்ஸ்னு ரெண்டு பேர் அமெரிக்காவுல ஒகையோ ஆத்தை வச்சு ஒரு சமன்பாடு கொடுத்தாங்க. இன்னைக்கும் ஆத்து மாசுக் கணக்குன்னா அங்கேருந்துதான் பாடம் ஆரம்பிக்கும். அதுல ஒரு விஷயம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். கழிவு கலக்குற இடத்துல ஆக்சிஜன் ஆகக் குறைவா இருக்காது. பாக்டீரியா பெருகித் தின்ன நேரம் வேணும்ல? அதுக்குள்ள தண்ணி கீழ்நோக்கி ஓடிடும். பல கிலோமீட்டர் தள்ளித்தான் ஆக மோசமான இடம் வரும். அதனால மீன் மிதக்குற இடத்துல நின்னுக்கிட்டு அங்க இருக்கிற ஆலையைத் திட்டாதீங்க. மேல நடங்க. மேல போய்ப் பாருங்க.

மேல போனா என்ன இருக்கும்? இங்கதான் நான் வழக்கமா பாடுற பாட்டு வரப்போகுது, தொடர்ந்து பார்க்கிறவங்க சிரிக்காதீங்க. மண்ணைத் தொடாத தண்ணி ஆத்துக்கு ஆகாது. அவ்வளவுதான் என் கட்சி.

மழை பெய்யும்போது ஒரு மழைநீர் வடிகால் ஆத்துல விழுற வாயில நின்னு பாருங்க. குடை பிடிச்சுக்கிட்டு நிக்கணும், கொஞ்சம் கஷ்டம்தான். சின்னச் சின்ன கண்ணாடி பாட்டில் எடுத்துக்கிட்டு, தண்ணி வர ஆரம்பிச்சதுலேருந்து அஞ்சு நிமிஷத்துக்கு ஒண்ணுன்னு பிடிச்சு வரிசையா வைங்க. முதல் பாட்டில் கரேல்னு இருக்கும், மேல எண்ணெய் படலம் வானவில் நிறத்துல மினுங்கும், அடியில ரோட்டுப் பொடி படியும். அடுத்தடுத்த பாட்டில்ல கருப்பு குறையும். முக்கால் மணி நேரம் கழிச்சுப் பிடிச்சதைப் பார்த்தா லேசா கலங்கல், அவ்வளவுதான். வெயில் காலம் பூரா கூரையில, ரோட்டுல, வண்டி நிறுத்துற இடத்துல சேர்ந்த தூசி, எண்ணெய், நாய் மாடு போட்டது, குப்பைச் சாறு எல்லாம் பெரும்பாலும் அந்த முதல் அரை மணி நேரத்துலயே வந்து விழுந்துடுது. இது எதுவும் சுத்திகரிப்பு நிலையம் பக்கமே போகாது. நேரா ஆறுதான். அதே மழை ஒரு புல்தரையிலயோ தோப்புலயோ பெய்ஞ்சிருந்தா, பெரும்பகுதி மண்ணுக்குள்ளயே இறங்கியிருக்கும்.

இப்போ ஒரு கதை சொல்றேன், இதுக்காகத்தான் இந்தக் கேள்வியை விட மனசு வரல. அமெரிக்காவுல சியாட்டில் பக்கம் ஊருக்குள்ள ஓடுற ஓடைகளைச் செலவு பண்ணிச் சீர் பண்ணாங்க. கரையைக் கட்டினாங்க, மரம் நட்டாங்க, கூழாங்கல் போட்டாங்க, சால்மன் மீன் ஏறி வர்றதுக்குத் தடையா இருந்ததை எடுத்தாங்க. மீனும் வந்துச்சு. கோஹோ சால்மன்னு ஒரு வகை. கடல்லேருந்து முட்டை போட ஏறி வரும். எல்லாரும் கையைத் தட்டிக்கிட்டு நிக்கிறாங்க. மழை பெய்யுது. மழை பெய்ஞ்ச சில மணி நேரத்துல மீன் தடம் தெரியாம சுத்துது, வாயைப் பொளக்குது, கவுந்துடுது. வயித்துல முட்டை அப்படியே இருக்கு. சில ஓடைகள்ல ஏறி வந்த பெண் மீன்ல பாதிக்கு மேல இப்படி முட்டை போடாமலே செத்துச்சு.

ஆக்சிஜனா? அளந்து பார்த்தாங்க, நல்லாத்தான் இருக்கு. பூச்சிமருந்தா? ஒத்து வரல. ஈயம், தாமிரமா? அதுவும் இல்ல. இதுல வேடிக்கை என்னன்னா, அதே தண்ணியில சம் சால்மன்னு இன்னொரு வகை ஒண்ணுமே ஆகாம நீந்துது. வருஷக்கணக்கா மண்டையை உடைச்சுக்கிட்டாங்க. 2020 கடைசியிலதான் ஆளைப் பிடிச்சாங்க. வண்டி டயர்! டயர் ரப்பர்ல வெடிப்பு விழாம இருக்க 6பிபிடின்னு ஒரு ரசாயனம் சேர்ப்பாங்க. அது காத்துல இருக்கிற ஓசோனோட சேர்ந்து 6பிபிடி-குயினோன்னு வேற ஒண்ணா மாறுது. டயர் தேயுது, பொடி ரோட்டுல கிடக்குது, மழை வந்து கழுவிக்கிட்டுப் போய் ஓடையில விடுது. கோஹோவுக்கு அது துளியூண்டு போதும்.

நான் சொல்ல வந்தது அது இல்ல. அந்தக் குற்றவாளி பேரு தெரியறதுக்கு முன்னாடியே, 2015 வாக்குலேயே, அதுக்கு வைத்தியம் கண்டுபிடிச்சிருந்தாங்க! ரோட்டுத் தண்ணியைப் பிடிச்சு, மணல், மட்கின உரம், மரப்பட்டைத் தூள் எல்லாம் கலந்த ஒரு அடுக்கு வழியா வடிய விட்டாங்க. வடிக்காத தண்ணியில விட்ட கோஹோ செத்துச்சு. வடிச்ச தண்ணியில விட்டது பிழைச்சுக்கிச்சு. என்ன விஷம்னு தெரியாது, எப்படிக் கொல்லுதுன்னு தெரியாது. மண்ணுக்கு அதெல்லாம் தெரிய வேண்டியதே இல்ல, பிடிச்சு வச்சுக்கிச்சு. சொன்னேன்ல, மண்ணைத் தொடணும். ரோட்டோரத்துல தாழ்வா ஒரு செடிப் பாத்தி, தண்ணி உள்ள வர்றதுக்குத் தடுப்புக் கல்லுல ஒரு வெட்டு, அடியில இந்தக் கலவை. ஆத்தங்கரையில எவ்வளவு செலவு பண்ணாலும் இந்த வேலையை அங்க செய்ய முடியாது. தண்ணி வர்ற வழியிலதான் செய்யணும்.

உடனே எழுதுவீங்க, எனக்குத் தெரியும். "அப்போ எங்க ஆத்துக்கு மேல எல்லாம் வயல்தான், மண்ணைத் தொட்டுத்தானே தண்ணி வருது, அப்புறம் ஏன் பச்சைப் பாசி மண்டுது?" சரியான கேள்விதான். மண்ணைத் தொட்டு வர்றது வேற, மண்ணையே தூக்கிக்கிட்டு வர்றது வேற. உரத்துல போடுற பாஸ்பரஸ் மண் துகளை விடாம ஒட்டிக்கும். மழை அறைஞ்சு மேல்மண்ணை அள்ளிக்கிட்டு வந்தா அதுவும் கூடவே வரும். லிட்டருக்கு 0.1 மில்லிகிராம் பாஸ்பரஸ் இருந்தாலே பாசி மண்டுறதுக்குத் தாராளம். அதனால மழைக்கு முன்னாடி நிலம் மொட்டையா கிடக்கக்கூடாது, சரிவுக்குக் குறுக்க உழணும், பெருமழை வரப்போற நேரத்துல உரம் வீசக்கூடாது. ஓடைக்கரையில புல்லும் மரமுமா ஒரு பட்டை விடணும்.

அந்தப் பட்டையிலயும் ஒரு சூட்சுமம் இருக்கு. நான் பார்த்த இடத்துல பத்து மீட்டர் அகலத்துக்கு இடுப்பளவு புல்லு விட்டிருந்தாங்க, பார்க்க அவ்வளவு அழகு. நடுவுல ஒரு முழம் அகலத்துக்கு ஒரு வாய்க்கால் வெட்டு. வயல்ல விழுற தண்ணி மொத்தமும் அந்த வெட்டு வழியா ஓடைக்குப் போகுது, புல்லு ஈரமே ஆகல! தண்ணி பரவி மெல்ல நடந்து வரணும்ங்க. இல்லேன்னா அந்தப் புல்லு சும்மா அலங்காரத்துக்கு நிக்கிறதுதான்.

உரத்துலேருந்து வர்ற இன்னொரு சத்து நைட்ரேட், அந்தச் சமாச்சாரம் இன்னும் வம்பு. என் கட்சிக்கே அது எதிரி. மண்ணு அதைப் பிடிச்சு வைக்காது, தண்ணியோட கரைஞ்சு கீழ இறங்கி நிலத்தடி நீர்ல கலந்துடும். அங்கேருந்து ஊறி ஊறி ஆத்துக்கு வர்றதுக்குச் சில இடத்துல வருஷக்கணக்கு, சில இடத்துல பத்து இருபது வருஷத்துக்கு மேலகூட ஆகும். இன்னைக்கு உரத்தைக் குறைச்சாலும் ஆத்துல நாளைக்கே தெரியாது. ஆனா ஓடைக்கரையில சதசதன்னு மட்கு நிறைஞ்ச ஈர மண் இருந்தா, அங்க ஆக்சிஜன் இல்லாத இடத்துல இருக்கிற பாக்டீரியா அந்த நைட்ரேட்டைச் சாதாரண நைட்ரஜன் வாயுவா மாத்தி வானத்துக்கு அனுப்பிடும். கரையோரச் சதுப்பை மண் கொட்டி மூடுறவங்க இந்த இலவச வேலைக்காரனைத்தான் புதைக்கிறாங்க.

அமெரிக்காவுல இருக்கிற செசபீக் விரிகுடாவைப் பாருங்க. 6 மாநிலத்து நிலமும் வாஷிங்டன் நகரமும் அதுலதான் வடியுது. தண்ணிப் பரப்பு ஒரு பங்குன்னா அதுக்கு வடியிற நிலம் 14 பங்கு. 2010-ல, வருஷத்துக்கு இவ்வளவுதான் நைட்ரஜன், இவ்வளவுதான் பாஸ்பரஸ், இவ்வளவுதான் வண்டல் விடலாம்னு உச்சவரம்பு போட்டு, அதை மாநிலம் மாநிலமா பங்கு பிரிச்சாங்க. சுத்திகரிப்பு நிலையங்கள் தன் பங்கை நல்லாவே குறைச்சிடுச்சு, ஏன்னா குழாய் ஒண்ணு, பொறுப்பாளி ஒருத்தர். வயலும் ஊர் மழைத்தண்ணியும்தான் இழுத்துக்கிட்டே இருக்கு. ஒரு குழாயை அடைக்கலாம், லட்சம் ஏக்கரை எங்க போய் அடைக்கிறது?

சாக்கடையும் மழைத்தண்ணியும் ஒரே குழாயில ஓடுற ஊரா இருந்தா, அந்த அம்மாவுக்கு இன்னொரு காரணமும் இருக்கு. பெருமழையில குழாய் நிரம்பினா அது ஆத்துப் பக்கம் வழியிற மாதிரிதான் கட்டியிருப்பாங்க, இல்லேன்னா வீட்டுக்குள்ள ஏறிடும். லண்டன்ல 1858-ல சாக்கடை கலந்த தேம்ஸ் ஆறு ஊரையே நாறடிச்சுச்சு, அதுக்கு அப்புறம் கட்டின சாக்கடை அப்படித்தான். அந்த வழியிற தண்ணியைப் பிடிக்கிறதுக்குன்னே இப்போ 25 கிலோமீட்டருக்குச் சுரங்கம் தோண்டியிருக்காங்க. அதைப் பத்தி முன்னாடியே நிறையப் பேசிட்டோம், விட்டுடறேன்.

உண்மையைச் சொல்லணும்னா, அந்த அம்மா வேற ஒண்ணைக் கேட்டிருந்தா நான் இன்னும் சந்தோஷப்பட்டிருப்பேன். "ஆத்துத் தண்ணி நல்லா இருக்குன்னு அறிக்கை வருதே, அதை எந்த நாள்ல பிடிச்சாங்க?" மாசத்துக்கு ஒரு தடவை, வெயில் அடிக்கிற நாளாப் பார்த்து, பகல் பதினோரு மணிக்குப் போய் ஒரு பாட்டில் பிடிச்சா எந்த ஆறும் பாஸ் ஆயிடும். அந்த நேரத்துல பாசி வேற ஆக்சிஜனை அள்ளி விட்டுக்கிட்டு இருக்கும். வருஷம் பூரா ஆத்துக்கு வர்ற அழுக்குல பெரும்பங்கு வர்றது சில மழை நாள்ல. அந்த நாள்ல யாரும் பாட்டில் எடுத்துக்கிட்டுப் போகலேன்னா அந்த அறிக்கையில என்ன இருக்கப்போகுது?

அதனால அம்மா, நீங்க ஒண்ணு பண்ணுங்க. அடுத்த முதல் மழைக்கு ராத்திரி எத்தனை மணிக்கு மழை பிடிச்சுதுன்னு எழுதி வைங்க. விடியறதுக்கு முன்னாடி போய் ஆக்சிஜன் அளவை அங்கேயே அளந்துடுங்க, சின்ன சோதனைப் பெட்டி கிடைக்குது. வீட்டுக்கு எடுத்துட்டு வந்து அளந்தா அது வேற கணக்காயிடும். பாட்டிலைத் தண்ணிக்குள்ளயே முக்கி, ஒரு காத்துக்குமிழி கூட இல்லாம மூடணும். அப்புறம் அதே மாதிரி மேல ரெண்டு மூணு இடத்துல, ஒவ்வொரு வடிகால் வாய்க்கும் முன்ன ஒண்ணு, பின்ன ஒண்ணு. தனியாப் போகாதீங்க, வெள்ளத்துல கரை சறுக்கும். எண்ணெல்லாம் கைக்கு வந்ததும் அனுப்புங்க, கணக்கை இங்கேயே உட்கார்ந்து போட்டுக் காட்டுறேன்.

தம்பி, அடுத்த கேள்வியைப் படிப்பா.